ஒன்பது நகங்களுக்கு மருதாணி

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்ட கேள்விக்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. "அப்பா, நித்யாவோட விரல் நகமெல்லாம் குழி குழியா இருக்குது. நிச்சயதார்த்தத்துல மோதிரம் போடும்போதுதான் பாத்தேன். கால் கட்டவிரல் நகம்கூட மஞ்சளா தூக்கினு இருக்குது. இது ஒட்டுமா? பின்னாடி பெரிசா ஏதாவது ஆயிடுமா? அம்மாகிட்ட சொல்லாதீங்க" என்று ஒரே மூச்சில் கேட்டாய். நானும், "அதெல்லாம் ஒண்ணும் இல்லடா, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, வாசலில் பால்காரர் கூப்பிடுகிறார் என்று போனை வைத்துவிட்டேன். மத்தியானம் மூன்று மணிக்கு எந்தப் பால்காரர் வருவார் என்று நீயும் கேட்கவில்லை. கேள்வியைவிட, நீ கேட்ட குரல்தான் என்னைப் பயமுறுத்தியது. கல்யாணத்துக்கு இன்னும் ஒரு மாதம்கூட இல்லை. நீ பின்வாங்கலாமா என்று யோசிக்கிறாய் என்று தோன்றியது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். நேரில் பேசினால் நடுவில் ஏதாவது கிண்டல் செய்து மழுப்பிவிடுவேன். என் குணம் உனக்குத் தெரியும்.

முதலில் கேட்டதற்குப் பதில். நகத்தில் ஊசியால் குத்தியது போலச் சின்னச் சின்னக் குழிகள் விழுவதும், நுனியில் நகம் சதையை விட்டுத் தூக்கிக்கொள்வதும் பல பேருக்குச் சொரியாசிஸால் வருவது. தோலில் செதில் செதிலாக வருகிற அதே கோளாறு சிலருக்கு நகத்தில் மட்டும் வரும். அதுவாக இருந்தால் ஒட்டாது. கைகோத்தாலும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது. தோலில் கரப்பான் இருந்தாலும், தலையில் புழுவெட்டு இருந்தாலும்கூட நகத்தில் குழி விழலாம். கால் நகம் மட்டும் பூஞ்சையாக இருந்தால் அது ஒட்டக்கூடியதுதான், ஆனால் மருந்து இருக்கிறது. நகவெட்டியும் செருப்பும் தனியாக வைத்துக்கொண்டால் போதும், அதற்காக ஆளையே தனியாக வைக்க வேண்டியதில்லை. விரல் மூட்டில் வலி, காலையில் எழுந்ததும் இறுக்கம் என்று ஏதாவது இருந்தால் அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். எது என்று கண்ணால் பார்த்துச் சொல்ல நான் டாக்டர் இல்லை. செருப்புக் கடையில் வேலை பார்ப்பவன்.

ஆனால் முப்பத்தோரு வருஷம் நேரு வீதியில் ஒரே கடையில் ஊர்க்காரர்களின் காலடியில் உட்கார்ந்தவன் நான். சாய்வுப் பலகை வைத்த அந்தக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தால் மனிதர்களின் முகம் தெரியாது, நகம்தான் தெரியும். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்த ஒரு சொல்தா தாத்தா வருவார். அவருடைய கட்டைவிரல் நகம் ஆட்டுக்கொம்பு போலத் தடித்து வளைந்திருக்கும். குனிந்து வெட்ட முடியாத வயது, வெட்டிவிட வீட்டில் ஆள் இல்லை, அவ்வளவுதான் வியாதி. ஷூவைப் போட்டுவிட்டதும் "மெர்சி" என்று நன்றி சொல்லி, தலையில் தொப்பி இல்லாமலேயே சலாம் வைப்பார். காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பந்தாட்டக்காரப் பையன்கள் கறுத்த நகத்தோடு வருவார்கள். விரல் போய் இடிக்கிற ஷூவில் ஓடி நகத்துக்கடியில் ரத்தம் கட்டியிருக்கும். அது நகம் வளர வளர நுனிக்கு நகர்ந்து போய்விடும். அடியே படாமல் நகத்தில் கறுப்புக் கோடு விழுந்து, அது நகராமல் அகலமாகிக்கொண்டே போனால் அது வேறு விஷயம், அன்றைக்கே போய்க் காட்ட வேண்டும். வைத்திக்குப்பத்தில் மீன் விற்கிற அக்கா ஒருவருக்குக் கை நகத்தைச் சுற்றி எப்போதும் வீங்கிச் சிவந்திருக்கும். நகச்சுத்தி என்று எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் சொருகிக்கொண்டே செருப்பு பேரம் பேசுவார். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை வைத்தால் எலுமிச்சம்பழம் என்ன செய்யும்? கையை உலர வைக்க வேண்டும், சீழ் கட்டினால் கீறி எடுக்க வேண்டும். நகம் வெளுத்து, நடுவில் குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் நிற்கிற மாதிரி கரண்டி போல இருந்த ஒரு பெண்ணிடம், ரத்தம் சோதித்துப் பாரம்மா என்று நானே ஒருமுறை சொன்னேன். இரும்புச் சத்து இல்லை என்று மாத்திரை கொடுத்தார்களாம், அடுத்த தீபாவளிக்கு நன்றி சொல்ல வந்தாள். ஊரெல்லாம் எனக்குக் கொஞ்சம் கைராசிக்காரன் என்று பேர். ஊருக்குத்தான்.

இப்போது உனக்கு எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாற்றமடிக்கிற கால், நகம் சொத்தையான கால் என்று எதிரில் வந்து நீளும்போது முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் அந்த ஆள் எழுந்து பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். அதனால் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளி சொல்லிக் கொடுத்தது இது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, சைஸ் பெட்டி தேடுவது போல முகத்தை அலமாரிப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ரெண்டு நொடி. சுளிக்கிறதெல்லாம் அந்தப் பக்கம் சுளித்துவிட்டு, திரும்பும்போது சிரித்த முகமாகத் திரும்ப வேண்டும். ஆறு மாதத்தில் அது எனக்கு இமை அடிப்பது மாதிரி ஆகிவிட்டது. யோசிக்கவே வேண்டாம், கழுத்து தானாகத் திரும்பும்.

உன் அம்மா வில்லியனூருக்கு அந்தப் பக்கத்துப் பெண். கல்யாணத்துக்கு முந்தின வாரம் வரைக்கும் தங்கள் நிலத்தில் நாற்று நட்டுக்கொண்டிருந்தவள். சேற்றிலேயே நின்ற கால். முகூர்த்தத்தில் தாலி கட்டி முடித்து, அம்மி மிதிக்க வேண்டும் என்று ஐயர் சொன்னார். நான் குனிந்து அவளுடைய வலது காலை இரண்டு கையாலும் தூக்கி அம்மி மேல் வைத்தேன். கட்டைவிரல் நகம் மஞ்சளும் கறுப்புமாகத் தடித்து, ஓரம் உதிர்ந்து, உளுத்துப்போன பலகை மாதிரி இருந்தது. நான் எதுவும் நினைக்கவில்லை தம்பி, இதை நீ நம்ப வேண்டும். அருவருப்பு என்று ஒன்று தோன்றுவதற்குக்கூட நேரம் இல்லை. கழுத்து தானாகத் திரும்பிவிட்டது. ரெண்டு நொடி. திரும்பி, சிரித்த முகத்தோடு மெட்டி போட்டேன். யாரோ பின்னாலிருந்து, "மாப்ள, அருந்ததி மேல இருக்குது, பக்கத்துல இல்ல" என்று கத்தினார்கள். மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு நான் செய்தது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கல்யாணமான முதல் மாதம் கடையிலிருந்து அவளுக்கு ஒரு கட் ஷூ வாங்கி வந்தேன். விரலெல்லாம் மூடுகிற மாதிரி, அரக்கு நிறம். அழகாக இருக்கிறது என்று நினைத்துத்தான் எடுத்தேன். அவள் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் திறந்த செருப்பு போட்டு நீ பார்த்திருக்கிறாயா? கடற்கரைக்குப் போனால் நாம் இரண்டு பேரும் மணலில் ஓடுவோம், அவள் ஷூவோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்குள் சாக்ஸ். கேட்டால், "பித்தவெடிப்புங்க, தரை சில்லுனு இருக்குது" என்பாள். நம்ம ஊர்ப் புழுக்கத்தில் ரெக்ஸின் ஷூவுக்குள் நாள் முழுக்க வியர்த்துக் கிடந்தால், இருக்கிற பூஞ்சை குடித்தனம் நடத்தாமல் என்ன செய்யும்? ஒரு நகத்தில் இருந்தது மூன்று நகத்துக்குப் போனது. நகம் வெட்டுவதென்றால் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தானே பிளேடால் வெட்டிக்கொள்வாள். நானோ வருஷா வருஷம் தேய்ந்ததற்குப் பதில் புது கட் ஷூ கொண்டுவந்து கொடுத்து, என் மனைவிக்கு என் கடைச் சரக்கு என்றால் உயிர் என்று முதலாளியிடம் பெருமை பேசிக்கொண்டிருந்தேன்.

அவளுக்குக் கால்விரல் ஒன்று போனது உனக்குத் தெரியும். ஏன் போனது என்று உனக்குச் சொல்லவில்லை. சர்க்கரை வந்து சில வருஷங்களிலேயே அவளுக்குக் கால் மரத்துப்போக ஆரம்பித்திருக்கிறது. பிளேடால் நகத்தின் ஓரத்தை வளைத்து வெட்டியதில், நகம் வளரும்போது முனை சதைக்குள் இறங்கியிருக்கிறது. சர்க்கரை இல்லாதவர்களாக இருந்தால் வலியில் துடித்து அன்றைக்கே டாக்டரிடம் ஓடுவார்கள். இவளுக்கு வலிக்கவே இல்லை. மஞ்சளைக் குழைத்துப் போட்டு, மேலே சாக்ஸைப் போட்டு மூடிவிட்டாள். எத்தனை நாள் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டாள். நீ சென்னைக்குப் போய் வேலையில் சேர்ந்த மாதம் அது. ஒரு காலை அவள் பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கும்போது எனக்கு வாடை வந்தது. முப்பது வருஷம் கால்களின் வாடையிலேயே இருந்தவனுக்கு அது எந்த வாடை என்று உடனே தெரிந்தது. சாக்ஸைக் கழற்று என்றேன், மாட்டேன் என்றாள். நான் பிடித்து இழுத்தேன். பாதி நகம் சாக்ஸோடு வந்தது. கட்டைவிரல் கறுத்திருந்தது.

கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போனோம். வெளியூர் பஸ்ஸில் வந்து இறங்கிய கூட்டத்தோடு வரிசையில் நின்றோம். அங்கே இருந்த டாக்டரம்மா காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வீட்ல யாரும் இவங்க கால பாக்கறதே இல்லையா? நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். செருப்புக் கடை என்றேன். அவர் குனிந்து சீட்டில் எழுத ஆரம்பித்தார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. நகத்தால் கிள்ள வேண்டியதைக் கோடாலி கொண்டு வெட்டுவானேன் என்று பழமொழி சொல்வார்கள் இல்லையா, எங்கள் வீட்டில் அது பழமொழியாக இல்லாமல் நிஜமாகவே நடந்தது. மருந்துச் சீட்டோடு முடிந்திருக்க வேண்டிய நகம், விரலைக் கொண்டுபோனது. மற்ற விரல்களுக்குப் பரவாமல் தடுத்தார்கள், அதற்கு அந்த டாக்டரம்மாவுக்கு நான் ஆயுசுக்கும் கடன்பட்டவன்.

ஆபரேஷன் முடிந்து நான்காம் நாள் மத்தியானம், வார்டில் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டே அம்மா சொன்னாள்: "அம்மி மேல வெச்ச காலுதானே இது." எனக்குப் புரியவில்லை. "அன்னிக்கு நீங்க காலப் பாத்தீங்க. கூட்டம் மொத்தமும் காலத்தான் பாத்திச்சி. நான் உங்க மூஞ்சப் பாத்தினு இருந்தேன்." அது கடைப் பழக்கம், முதலாளி சொல்லிக் கொடுத்தது, பெட்டி தேடுவது போலத் திரும்புவது என்று உளறி உளறி எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கல்யாண மேடையில இன்னா பொட்டி இருந்திச்சி தேடறதுக்கு?" என்றாள். பிறகு சிரித்தாள், பிறகு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் பார்க்க நானும் அழுதேன். நகமும் சதையுமாக வாழ்கிறோம் என்று உன் சித்தப்பாகூட எங்களைப் பற்றிச் சொல்வான். நடுவில் அத்தனை வருஷம் ஒரு சாக்ஸ் இருந்தது அவனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு நகம் வெட்டுவது என் வேலை. குளித்துவிட்டு வந்ததும், நகம் ஊறியிருக்கும்போது, விரல் இடுக்கெல்லாம் துடைத்துவிட்டு, நேராக வெட்டுவேன். ஓரத்தை வளைத்து உள்ளே நோண்டக் கூடாது, ரொம்பவும் ஒட்ட வெட்டக் கூடாது. மீதி நகங்களிலிருந்து துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பி, பூஞ்சைதான் என்று உறுதியான பிறகுதான் டாக்டரம்மா மாத்திரையே எழுதினார். தடித்த நகமெல்லாம் பூஞ்சை இல்லையாம். ஈரல் தாங்குகிறதா என்று ரத்தமும் பார்த்தார். மாத்திரை சாப்பிட்டதும் நகம் அழகாகிவிடாது. அடியிலிருந்து புது நகம் முளைத்து மேலே வர, கால் நகத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. முதல் சில மாதங்கள் அவள் காலை என் மடியில் கொடுத்துவிட்டு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்வாள். நான் ஏதாவது எடுக்கக் கொஞ்சம் திரும்பினாலும், "இன்னா, பொட்டி தேடறீங்களா?" என்பாள். இப்போது கேலியாகத்தான் கேட்கிறாள். ஆரம்பத்தில் கேலியாகக் கேட்கவில்லை.

நித்யா விஷயத்துக்கு வருகிறேன். ஒட்டுமா என்று என்னைக் கேட்டாய், கூகுளிலும் பார்த்திருப்பாய். அவளைக் கேட்டாயா? கேட்கவில்லை என்று உன் குரலிலேயே தெரிந்தது. அவளை நேரில் பார்த்து, இது எவ்வளவு நாளாக இருக்கிறது, வலிக்கிறதா, யாரிடமாவது காட்டினாயா என்று கேள். அவள் சம்மதித்தால் நீயே கூடப் போய்த் தோல் டாக்டரிடம் காட்டு. நெயில் பாலிஷ் போட்டிருந்தால் அழித்துவிட்டுப் போங்கள், நிறம் தெரிந்தால்தான் அவர்களுக்குப் புரியும். பெரியப்பா, மாமா என்று ஊரைக் கூட்டாதே. அதெல்லாம் ஒண்ணும் இல்லை என்று என்னைப் போல மழுப்பாதே, அவளுக்கு அது ஒன்றும் இல்லாத விஷயம் இல்லை. இதற்காகத்தான் கல்யாணம் வேண்டாம் என்று உனக்குத் தோன்றினால், அதையும் இப்போதே அவளிடம் சொல்லிவிடு. எனக்கு உன் மேல் கோபம் வரும், ஆனால் அந்தப் பெண் பல வருஷம் கையை மடக்கிக்கொண்டு வாழ்வதைவிட அது மேல். என்னைப் போல உனக்குக் கடைப் பழக்கம் என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை.

அம்மாவிடம் சொல்லாதே என்றாய். நேற்று சொல்லிவிட்டேன். அவளிடம் எதையும் மறைப்பதில்லை என்று வார்டில் வைத்து ஒத்துக்கொண்டவன் நான். மொச்சை உரித்துக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நான் அன்னிக்கே பாத்துட்டேன். தட்டு வாங்கும்போது அந்தப் பொண்ணு கட்டவிரல உள்ள மடிச்சி வெச்சினு இருந்திச்சி. மறைக்கறவங்கள மறைக்கறவங்களுக்குத் தெரியாதா?" பாம்பின் கால் பாம்பறியும் என்பது இதுதான். கொஞ்ச நேரம் உரித்துவிட்டு, "தம்பி மூஞ்சி எப்பிடி இருந்திச்சி மோதிரம் போடும்போது?" என்று கேட்டாள். நான் கவனிக்கவில்லை என்றேன். "அந்தப் பொண்ணு கவனிச்சிருக்கும்" என்றாள்.

உன் கல்யாணத்தில் பாத பூஜை வேண்டாம், நான் பந்திக் கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் அடம்பிடித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். மேடையில் வெறுங்காலோடு உட்கார வேண்டும், நீ தாம்பாளத்தில் வைத்துக் கழுவ வேண்டும், வீடியோக்காரர் கிட்டே வந்து எடுப்பார். செத்தாலும் மாட்டேன் என்றிருந்தாள். நேற்று இதைக் கேட்ட பிறகு மொச்சைக் கூடையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ஐயர்கிட்ட சொல்லிடுங்க, நான் ஒக்கார்றேன். சாக்ஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். அந்தப் பொண்ணு பாக்கட்டும். விரலே இல்லாத காலு மேடையில இருக்குது, நகத்துல குழி இருந்தா இன்னா இப்போ?"

ஆகவே தம்பி, ஆவணி முகூர்த்தத்தில் உன் கைக்கு இரண்டு கால்கள் வரும். முதலில் உன் அம்மாவின் கால். தண்ணீர் வெதுவெதுப்புக்கு மேல் போகக் கூடாது, சூடு அவளுக்குத் தெரியாது, நீ கை வைத்துப் பார். கழுவியதும் துண்டால் விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துவிடு. பார்க்கிறவர்கள் மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள், ஈரம் நிற்கக் கூடாது என்பது நமக்குத் தெரிந்தால் போதும். இரண்டாவது, அம்மி மேல் நீ தூக்கி வைக்கப் போகிற கால். அப்போது மண்டபத்தில் எல்லாரும் எங்கே பார்ப்பார்கள், அவள் மட்டும் எங்கே பார்ப்பாள் என்று உனக்கு இனிமேல் சொல்ல வேண்டியதில்லை.

ஆடி மாதம் என்பதால் எதிர்வீட்டு மரத்தில் மருதாணி பறித்து வந்து அம்மா அரைத்து வைத்திருக்கிறாள். கல்யாணமாகி வந்த நாளாக அவள் காலுக்கு மருதாணி வைத்து நான் பார்த்ததில்லை. கடையில் விற்கிற கோன் வேண்டாம், வெறும் இலையாக இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். புண் இல்லை, புது நகங்கள் முக்கால்வாசி வந்துவிட்டன. நகத்தில் ஏறும் சிவப்பு உன் கல்யாணம் வரைக்கும் போகாது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே கிண்ணத்தோடு எதிரில் வந்து உட்கார்ந்து, காலை நான் உட்கார்ந்திருக்கும் ஸ்டூல் மேல் தூக்கி வைத்துவிட்டாள். பேனாவை மூடச் சொல்கிறாள்.

"ஒம்போதுக்கும் நீங்களே வெச்சி வுடுங்க. அந்தாண்ட திரும்பாம, மூஞ்சி எனக்குத் தெரியற மாதிரி ஒக்காந்து வெய்ங்க."

அப்பா